மூன்று ஆண்டுச் சீட்டும் ஐந்து நிமிட ரயிலும்

ஜொகூர் பாருவின் பழைய நகரத்தில் கடைவீடு எடுத்துத் தொழில் செய்பவர்களின் கையில் இருக்கும் வாடகைச் சீட்டு பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கானது, மிஞ்சினால் மூன்று. இதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாய்ப்பேச்சாகக்கூட இருக்கலாம். மூன்றைத் தாண்டினால் அது குத்தகை ஆகிவிடும். நிலப் பதிவேட்டில் ஏற வேண்டும், செலவு உண்டு, உரிமையாளர் அத்தனை காலத்துக்கும் கட்டுப்பட வேண்டும். எந்த உரிமையாளரும் அதை எளிதில் விரும்புவதில்லை. எனவே மூன்று ஆண்டு என்பது இந்த நகரத்தின் சின்ன வியாபாரிக்கு எழுதப்படாத ஆயுள் அளவாகிவிட்டது.

புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை போகும் ஆர்டிஎஸ் ரயில் பாதையின் நீளம் 4 கிலோமீட்டர். இரு அரசுகளும் அதற்கான ஒப்பந்தத்தில் 2018 ஜனவரியில் கையெழுத்திட்டன. நடுவில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 ஜூலையில் உயிர்பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் மலேசியப் பக்கத்தில் வேலை தொடங்கியது. 2024 ஜனவரியில் நீரிணையின் நடுவே பாலத்தின் இரு முனைகளும் இணைந்தன. 2026 முடிவதற்குள் பயணிகளை ஏற்றுவது என்பது இலக்கு. மண் தோண்டிய நாளிலிருந்து எண்ணினாலே ஆறு ஆண்டு.

ரயிலுக்கு ஆறு, சீட்டுக்கு மூன்று. இந்த இரண்டு கால அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால் யாருக்கு என்ன ஆகிறது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். ரயில் எப்போது வரும், கட்டணம் எவ்வளவு, நிலத்தின் விலை எங்கே போகும் என்றெல்லாம் தினமும் பேசுகிறோம். ரயில் வரும் நாளில் இந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் ஓரமாக நிற்கிறது.

2019இல் ஜாலான் உங்கு புவானில் ஒருவர் சேலைக் கடையோ மளிகைக் கடையோ எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியா என்று இன்று வழங்கும் அந்தத் தெருவில், அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்தைச் சுற்றி நடக்கும் வியாபாரத்தில் சிங்கப்பூர்த் தமிழர்களின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2020 மார்ச் 18 அன்று சிங்கப்பூரோடு இணைக்கும் கடற்பாலம் பொதுப் பயணிகளுக்கு மூடப்பட்டது. அது மீண்டும் தாராளமாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. இரண்டு ஆண்டு ஏறக்குறைய ஒரு வெள்ளியும் பாலம் தாண்டி வரவில்லை. அதற்குள் அவருடைய முதல் சீட்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாலம் திறந்த பிறகு இரண்டாவது சீட்டு. இந்த மூன்று ஆண்டும் கட்டுமானக் காலம்: நகர மையத்தில் நெரிசல், மாற்றுப் பாதை, தூசு. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். கடை மூச்சுவிடத் தொடங்கியது. பிறகு மூன்றாவது சீட்டுக்கான பேச்சு வருகிறது. அந்தப் பேச்சில் இன்னும் ஓடாத ரயில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. “ரயில் வரப்போகுதுங்க, இந்த வாடகை இனிமேல் கட்டுப்படியாகாது” என்று உரிமையாளர் சொன்னால், சட்டத்தில் அவரைக் கேட்க ஆளில்லை.

மூடிய எல்லையின் நட்டம், கட்டுமானத்தின் நட்டம் இரண்டையும் கடைக்காரர் தாங்கினார். திறக்கப்போகும் ரயிலின் லாபம் மட்டும் முன்கூட்டியே விலையாகி அவர் தலையில் வைக்கப்படுகிறது. இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. உரிமையாளர்கள் எல்லாரையும் பேராசைக்காரர்கள் என்று சொல்லவும் நான் தயாரில்லை. அவர்களிலும் பூட்டிய எல்லையின்போது வாடகை வாங்காமல் பொறுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நட்டம் ஒருவருக்கும் லாபம் இன்னொருவருக்கும் போகும்படி காலம் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறைக்க முடியாது.

போக்குவரத்தால் பிறந்த நகரம்தான் இது. 1909இல் ஜொகூர் மாநில ரயில் பாதை கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தது. பாதையில் தண்டவாளம் பதித்தவர்களில் தமிழர்கள் பலர்; நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் இருந்தார்கள். ராஜமாரியம்மன் ஆலயத்தின் தொடக்கம் 1911. ரயில் பாதையை ஒட்டியே இன்று கண்ணாடிக் கோயில் என்று உலகம் வந்து பார்க்கும் ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் ஒரு சிறு குடிலாகத் தொடங்கியது. அந்நாளில் ரயில் பெட்டிகளைப் படகிலேற்றி நீரிணையைக் கடக்க வைத்தார்கள். சரக்கு பெருகிப் படகுகள் தாங்காமல் போனபோது, உபின் தீவின் கருங்கல்லைக் கடலில் கொட்டிக் கடற்பாலம் கட்டினார்கள். 1923இல் அதன்மேல் ரயில் ஓடியது; 1924இல் முறையாகத் திறந்தார்கள். இந்த நகரத்துத் தமிழர் தெருக்களின் வயது ஏறக்குறைய ரயிலின் வயதுதான். ஆகவே புதிய ரயிலைக் கண்டு அஞ்சுவது நம் வரலாற்றுக்கே பொருந்தாது. தினமும் சுமார் 3 லட்சம் பேர் கடக்கும் அந்தப் பாலத்தில், விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் மழை அங்கியோடு நிற்கும் ஆண்களையும் பெண்களையும் பார்த்த எவரும் இந்த ரயில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர், ஐந்து ஆறு நிமிடப் பயணம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் ஏற்பாடு. உழைக்கிறவர்களின் வாழ்நாளிலிருந்து தினமும் சில மணி நேரத்தை மீட்டுத் தருவது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் ரயில் மனிதர்களை ஒரு நகரத்தில் இறக்கிவிடுவதில்லை, ஒரு வாசலில் இறக்கிவிடுகிறது. அந்த வாசல் எங்கே திறக்கிறது என்பதைப் பொறுத்துத் தெருக்களின் தலைவிதி மாறும். ஜொகூர் பாரு இதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. பழைய சுங்கச் சாவடி கடற்பாலத்தின் முனையில், தரைமட்டத்தில் இருந்தது. கடப்பிதழில் முத்திரை வாங்கி வெளியே வந்தால் நகரம் எதிரிலேயே நின்றது. ஜாலான் வோங் ஆ ஃபூக், ஜாலான் இப்ராகிம், ஜாலான் துருஸ் எல்லாம் நடக்கும் தூரம். 2008 டிசம்பரில் சுல்தான் இஸ்கந்தர் வளாகம் திறந்தபோது சோதனை மேட்டுக்கு ஏறியது. 2010இல் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜேபி சென்ட்ரல் வந்தது. வளாகத்திலிருந்து ஜேபி சென்ட்ரல் வழியாக நீளும் நடைமேம்பாலம் நேரே சிட்டி ஸ்குவேர் பேரங்காடிக்குள் கொண்டுபோய் விடுகிறது. மழையில் நனையாமல், சாலையைக் கடக்காமல் போகலாம். முதியவர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் நல்ல வசதி. ஆனால் பயணி தரையில் கால்வைக்கும் முன்பே குளிரூட்டிய கடைகளின் நடுவே நிற்கிறார். ஜாலான் வோங் ஆ ஃபூக்கைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பேரங்காடியின் கீழ்வாசலைத் தேடி இறங்க வேண்டும். தேடி இறங்குபவர்கள், முன்பே அந்தத் தெருவைத் தெரிந்தவர்கள்.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் இதே பாடத்தை முன்பே படித்தது. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. 2003இல் மோனோரயில் ஜாலான் துன் சம்பந்தன் மேலே வந்து நின்றது. ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குப் போகத் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருந்த காலத்தில் எல்லாரும் அதைக் குறை சொன்னார்கள், நியாயமாகத்தான். ஆனால் அந்த நடையில்தான் வடைக்கடையும் மாலைக் கடையும் கண்ணில் பட்டன. 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார். வளைவு நின்றது, விளக்கு எரிந்தது. 2014இல் நூ சென்ட்ரல் பேரங்காடி திறந்ததும் இரண்டு நிலையங்களுக்கும் இடைப்பட்ட நடை அந்தப் பேரங்காடியின் உள்ளே போய்விட்டது. தெருவை அழகுபடுத்தச் செலவு செய்த அரசே, தெருவுக்கு வந்துகொண்டிருந்த கால்களை வேறு பக்கம் திருப்பும் இணைப்புக்கும் ஒப்புதல் அளித்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் திட்டமிடலில் இல்லை.

புக்கிட் சாகாரில் அமையும் வாசல் பழைய தெருக்களிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளிப் போகிறது. இன்றுவரை சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வருபவர்களைக் கொண்டுவருவது 2015 ஜூலையில் தொடங்கிய ‘ஷட்டல் தெப்ராவ்’. அதுவும் ஐந்து நிமிடப் பயணம்தான். இங்கிருந்து ஏறினால் 5 ரிங்கிட், அங்கிருந்து ஏறினால் 5 சிங்கப்பூர் வெள்ளி. ஆள் கொள்ளளவு குறைவு, சீட்டுக் கிடைப்பது அரிது. ஆனால் அது நிற்கும் இடம் ஜேபி சென்ட்ரல், அதாவது பழைய நகரத்தின் தோள்பட்டை. ஆர்டிஎஸ் ஓடத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் அந்தச் சேவை நின்றுவிடும் என்று சிங்கப்பூர் அரசு அறிவித்திருக்கிறது. புக்கிட் சாகார் நிலையமோ குடிநுழைவு வளாகத்துக்கு அப்பால் இருக்கிறது. ஒரு காலத்தில் அடுக்குமாடி வீடுகளில் எளிய குடும்பங்கள் வாழ்ந்த மேடு அது. நிலையத்தை ஒட்டிப் பெரிய கட்டடத் தொகுதி எழுப்பும் பொறுப்பு சன்வே குழுமத்துக்குப் போயிருக்கிறது. சாப்பாடு, துணி, தலைமுடி திருத்தம், தங்கும் அறை எல்லாம் அங்கேயே கிடைக்கப்போகிறது. ஐந்து நிமிடத்தில் வந்த ஒருவர் அதற்குப் பிறகும் பத்து பதினைந்து நிமிடம் வெயிலில் நடந்து ஜாலான் உங்கு புவானுக்கு ஏன் வர வேண்டும்? வருவதற்குப் பழைய தெருவில் மட்டுமே கிடைக்கும் ஏதாவது இருக்க வேண்டும். நடந்து வரத் தரைமட்டத்தில் நிழலான, பாதுகாப்பான பாதையும் இருக்க வேண்டும். முதலாவதை வியாபாரிகள் தருகிறார்கள். இரண்டாவதை மாநகர் மன்றம்தான் தர முடியும்.

அந்த முதலாவது என்ன என்பதைச் சொல்ல ஜாலான் டான் ஹியோக் நீயில் இருந்து தொடங்கலாம். 1919 முதல் விறகடுப்பில் கேக் சுடும் ஹியாப் ஜூ ரொட்டிக் கடை அங்கே இருக்கிறது. பக்கத்து ஜாலான் டோபியில் 1937 முதல் சலாவுடின் ரொட்டிக் கடை. ஜாலான் துருஸில் 1946 முதல் ஹுவா முய் காப்பிக் கடை. அதே ஜாலான் துருஸ் வட்டாரத்தில் பழைய சீனக் கோயிலும் சீக்கியர்களின் குருத்வாராவும் நம் மாரியம்மனும் ஒருவர் மணியோசை இன்னொருவருக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். இந்தக் கடைகளையும் கோயில்களையும் எந்தக் கட்டட நிறுவனமும் வடிவமைத்துத் தர முடியாது. இவற்றுக்கு ருசியும் மதிப்பும் வந்ததற்கு மூலகாரணம், ஒரே இடத்தில் நீண்ட காலம் இருக்க முடிந்தது. அடுப்பு பழகவும், ஆள் பழகவும், ஒரு வாடிக்கையாளரின் பேரன் வந்து நிற்கவும் எழுபது எண்பது ஆண்டு வேண்டும். மூன்று ஆண்டுச் சீட்டில் அது நடக்காது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இத்தெருக்களுக்கு வந்த புதிய காப்பிக் கடைகளைப் பற்றி முதியவர்கள் கசப்போடு பேசுவதுண்டு. நான் அந்தக் கசப்பில் சேர மாட்டேன். பூட்டிக் கிடந்த கடைவீடுகளின் கூரையைச் செப்பனிட்டு, பழைய தரை ஓடுகளைக் கழுவி வைத்து, இரவு பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்படி செய்தவர்கள் அந்த இளைஞர்கள். சிகெட் ஆற்றை எண்ணிப் பாருங்கள். நாற்றம் தாங்காமல் 2000களில் அதைக் காங்கிரீட் போட்டு மூடினார்கள். பின்பு பெரும் செலவில் திறந்து, தண்ணீரைச் சுத்தம் செய்து, கரையில் நடைபாதை போட்டார்கள். தெருவில் ஆட்கள் திரும்பி வந்ததில் அந்த வேலைக்கும் புதிய கடைகளுக்கும் பங்கிருக்கிறது. ஆனால் அந்த இளைஞர்களும் குடியிருப்பது அதே சீட்டில். ஒயர் மாற்றியதும் கழிவறை கட்டியதும் அவர்களுடைய பணம், கட்டடம் வேறொருவருடையது. சீட்டு முடிந்தால் அவர்கள் எடுத்துக்கொண்டு போக முடிந்தது காப்பி இயந்திரமும் நாற்காலிகளும் மட்டும். மாலை கட்டுபவரும் காப்பி வடிப்பவரும் எதிரெதிர் அணி என்று நினைப்பதால் இருவரும் ஒரே கயிற்றில் நிற்பது தெரியாமல் போகிறது.

சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகையைத் தன்னிச்சையாக ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முற்றாகப் போனது. அந்தச் சட்டத்திலும் குறை இருந்தது. அற்ப வாடகைக்கு விட்ட கட்டடத்தைச் செப்பனிட எந்த உரிமையாளருக்கும் மனம் வரவில்லை; கூரைகள் சரிந்தன. பினாங்கு ஜார்ஜ்டவுனில் கட்டுப்பாடு நீங்கியபோது பல தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களும் கைத்தொழிலாளர்களும் வெளியேறினார்கள்; 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்நகரம் இடம்பெற்றபோது, அது போற்றிய வாழ்க்கையை வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை. பழைய கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவியபோது நடுவில் எதையும் கட்டாமல் விட்டதைத்தான் சொல்கிறேன். இன்று சீட்டு முடிந்தபின் கடையைக் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் உரிமையாளருக்கு வழிவிடுகிறது. மூன்று முறை ஒழுங்காக வாடகை கட்டியவருக்கு நான்காம் முறை முன்னுரிமை தரச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

இன்னொரு திசையும் இருக்கிறது. ரயில் ஆட்களைக் கொண்டுவருவதோடு கூட்டிக்கொண்டும் போகும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண் ஏன் இங்கேயே நிற்க வேண்டும்? பாலத்தில் நிற்கும் மூன்று மணி நேரத்துக்குப் பயந்துதான் பலர் உள்ளூரிலேயே தங்கினார்கள். அந்தத் தடை நீங்குவது அவர்களுக்கு நல்லது. போகட்டும், நல்ல சம்பளம் வாங்கட்டும். ஆனால் கடையில் யார் வேலை செய்வார்கள்? முடி திருத்தும் நிலையம், பொற்கொல்லர் பட்டறை, துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் அந்நியத் தொழிலாளர் எடுப்பது 2009 முதல் நிறுத்தப்பட்டிருந்தது. 2023இல் துறைக்கு 2,500 பேர் வீதம் 7,500 பேருக்கு அனுமதி அறிவித்தார்கள். நாடு முழுவதுக்கும் அவ்வளவுதான். இந்த மூன்றும் பெரும்பாலும் இந்தியர்கள் நடத்தும் தொழில்கள். ஜாலான் உங்கு புவானின் முதுகெலும்பும் இவைதான். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து மின்ரயில் ஜேபி சென்ட்ரல் வரை வந்துவிட்டது. வார இறுதியில் இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வரும்போது நாற்காலி காலியாக இருந்தும் கத்தரிக்கோல் பிடிக்க ஆளில்லாத கடை, பேரங்காடிக்குள் இருக்கும் பெரிய நிறுவனத்தின் கிளையோடு எப்படிப் போட்டியிடும்?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல, தாமதமானவைதாம். புக்கிட் சாகாரிலிருந்து ஜாலான் துருஸ் வரை தரையிலேயே நிழல்பாதை, பகலிலும் இரவிலும் ஓடும் சிறு பேருந்து. மாநில அரசு இயக்கும் இலவச முவாஃபக்காட் பேருந்துகளில் ஒன்றை அந்தச் சுற்றில் விடுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நிலையத்தின் உள்ளே உள்ளூர் சிறுவியாபாரிகளுக்கென்று சில கடைகளை ஒதுக்குவது, இப்போதே ஒப்பந்தத்தில் எழுதினால் முடியும். கடைகள் நிறைந்தபின் முடியாது. கட்டடம் வைத்திருக்கும் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பள்ளிவாசல் வக்ஃபுகளும் தங்கள் கடைகளையாவது ஆறு ஆண்டு, ஒன்பது ஆண்டுக் குத்தகைக்குப் பதிந்து கொடுக்கலாம். சமூகத்தின் பணத்தில் வாங்கிய கட்டடம் சமூகத்தின் கடையைச் சந்தை விலைக்கு வெளியேற்றினால் அதைப் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் உரக்கக் கேட்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு.

மூன்று ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய ஒன்றும் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. பதியாத வாடகை, கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. ரயிலுக்கு முந்தைய இந்த மாதங்களில்தான் பழைய கடைவீடுகள் அதிகம் கைமாறும். ஆனால் அதே தேசிய நிலச் சட்டம், சிறு வாடகையையும் நில உரிமைப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றிக்கொள்ள இடம் தருகிறது. பெயர் மாற்றம் பதிவாவதற்கு முன் அந்தக் குறிப்பு ஏறிவிட்டால், வாங்குபவர் எவராயினும் மீதிக் காலத்துக்கு வாடகைதாரரை மதித்தாக வேண்டும். வியாபாரிகள் சங்கம் ஒரு வழக்கறிஞரை ஒரு சனிக்கிழமை தெருவுக்கு அழைத்து வந்து, யார் யாருடைய சீட்டு எழுத்தில் இருக்கிறது, எந்த மாதம் முடிகிறது, எது பத்திரத்தில் ஏறியிருக்கிறது என்று கடை கடையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனால், நில அலுவலகத்துக்குப் போகவேண்டிய விண்ணப்பங்கள் அந்த வாரமே தயாராகிவிடும்.